ரோஷ்ஃபோர் படத்தை முதல் தடவை பாக்குறப்ப பண்ணக்கூடாத தப்புங்க

பழைய பிரெஞ்சு ரொமான்டிக் காமெடி ஏதாவது சொல்லுங்கன்னு யாராவது கேட்டா நான் யோசிக்காம சொல்றது 1967ல வந்த 'லெ தெமுவாசெல் த ரோஷ்ஃபோர்' (ரோஷ்ஃபோர் ஊர் இளம்பெண்கள்னு அர்த்தம்). ஆனா பாதி பேர் அரை மணி நேரத்துல நிறுத்திட்டு "கதையே நகரலயே"ன்னு வந்து நிக்கிறாங்க. நகருதுங்க, நீங்க வேற பக்கம் பாத்துட்டு இருக்கீங்க.

பெரிய தப்பு இதுதான், ஜோடிங்க எப்ப சேருவாங்கன்னு காத்துட்டு இருக்குறது. இந்தப் படத்துல காமெடியே சேராம போறதுலதான் இருக்கு. மாக்ஸான்ஸ்னு ஒரு கப்பற்படை பையன், தன் கனவுப் பொண்ண கற்பனையிலேயே வரைஞ்சு வச்சிருக்கான், அந்த முகம் அப்படியே கதாநாயகிங்கள்ல ஒருத்தியான தெல்ஃபீனோட முகம், அவளும் அதே ஊர்லதான் இருக்கா, அதோட இவன் போய் உக்காந்து புலம்புற கஃபே அவ அம்மா இவோன் நடத்துறது! இவன் வெளிய போவான், அவ உள்ள வருவா. இன்னொரு பக்கம் ம்யூசிக் கடைக்காரர் சிமோன் தாம், பத்து வருஷம் முன்னாடி விட்டுப்போன காதலிய நெனச்சு உருகுறார். அவ போனதுக்கு காரணம் என்னன்னா, கல்யாணம் பண்ணா 'மதாம் தாம்'னு கூப்பிடுவாங்களேங்குற வெக்கம் (பிரெஞ்சுல 'தாம்'னாலே அம்மணி, 'திருமதி அம்மணி'ன்னு கூப்பிடுற மாதிரி). அவ எங்கயோ மெக்ஸிகோல இருக்கான்னு இவர் நம்பிட்டு இருக்க, அவதான் இதே ஊர்ல கஃபே நடத்துற இவோன். இதை அவர் உக்காந்து சொல்றது யார்கிட்ட தெரியுமா, அவளோட இன்னொரு பொண்ணு சோலாஞ்ச்கிட்ட, ரெண்டு பேருக்கும் விஷயம் தெரியாது. இப்ப சொல்லுங்க, கதை நகரலயா?

அதனாலதான் பாட்டை ஓட்டிவிடாதீங்கன்னு கெஞ்சுறேன். மேல சொன்ன சமாச்சாரம் முக்காவாசி பாட்டுலதான் வருது, ஓட்டிவிட்டா யார் யாரைத் தேடுறாங்கன்னே புரியாது. ம்யூசிக் டைரக்டர் மிஷெல் லெக்ரான் அந்த ட்யூனையெல்லாம் சும்மா போடல. மாக்ஸான்ஸ் பாடுன மெட்டுலயே தெல்ஃபீனும் பாடுவா, பாத்துக்கவே இல்லாத ரெண்டு பேருக்கு ஒரே மெட்டு, அங்கயே அவங்க ஜோடின்னு தெரிஞ்சுடும். சப்டைட்டிலை ஒழுங்கா படிங்க, ஃபோன நோண்டிக்கிட்டு பாக்குற படம் இல்ல இது.

ஷெர்பூர் குடைப் படத்தோட கம்பேர் பண்றதும் வேணாம். அதுவும் இந்தப் படத்தோட டைரக்டர் ழாக் தெமி எடுத்ததுதான், 1964ல, ஆனா அதுல எல்லா வசனமும் பாட்டு, மனசையும் உடைச்சுடும். இதுல சாதாரணமா பேசுவாங்க, திடீர்னு பாடுவாங்க, ஒரு சாப்பாட்டு சீன்ல செய்யுள்லயே பேசிக்குவாங்க. கர்ச்சீப் எடுத்து வச்சுட்டு உக்காந்தா ஏமாந்துடுவீங்க.

ஹாலிவுட் டான்ஸ் ஸ்டார் ஜீன் கெல்லி இருக்காரேன்னு அங்கத்த டான்ஸ் துல்லியத்தை எதிர்பாக்குறது இன்னொன்னு. அவரு அசத்துவார், ஜார்ஜ் சகிரிஸும் அப்படித்தான், ஆனா தெல்ஃபீனா வர்ற கத்ரீன் தெனவும் சோலாஞ்சா வர்ற ஃப்ரான்ஸ்வாஸ் தோர்லியாக்கும் அந்த லெவல் டான்ஸர்ஸ் இல்ல. அவங்களுக்கு பாடுனதும் வேற ஆளுங்க, சொந்தக் குரல்ல பாடுனது அம்மாவா வர்ற தானியல் தாரியு. தெனவும் தோர்லியாக்கும் நிஜத்துலயும் அக்கா தங்கச்சி, அந்த நெருக்கம் எந்த ஸ்டெப்புக்கும் மேல. படம் ரிலீஸ் ஆன சில மாசத்துலயே தோர்லியாக் கார் விபத்துல போய்ட்டாங்க, 25 வயசு. இதை படம் பாத்தப்புறம் தெரிஞ்சுக்கிட்டிருக்கணும், ஸாரி.

கலர் வெளிறிப்போன பழைய காப்பில பாக்காதீங்க. ரோஷ்ஃபோர் நிஜமாவே கடற்படை ஊரா இருந்தது, படத்துக்காக அங்க ஜன்னல் கதவுக்கெல்லாம் மெல்லிசான கலர் பெயின்ட் அடிச்சாங்க, அது தெரியலன்னா பாதி சந்தோஷம் போச்சு. நடுவுல ஒரு கொலை நியூஸ் வரும், அதைப் பாத்து படம் மாறிடுச்சோன்னு குழம்பாதீங்க, தெமிக்கு இந்த மாதிரி குசும்பு ஜாஸ்தி.

கடைசியா, ஊருக்குத் திருவிழா நடத்த வந்தவங்க லாரிய கிளப்புனதும் முடிஞ்சுதுன்னு எந்திரிச்சுடாதீங்க. மாக்ஸான்ஸ் விஷயம் அப்பதான் தீரும், எப்படி தீரும்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன்.