நடைபாதைக்கும் முற்றத்துக்கும் நடுவே: அரசுக் கட்டடங்கள் முன் கூடுவோர் செய்யும் தவறுகள்

அமெரிக்க உச்ச நீதிமன்றத்தை ஒட்டிய நடைபாதையில் 1980-இல் ஒரு பெண் அட்டையேந்தி நின்றார். அட்டையில் இருந்தது அந்நாட்டு அரசமைப்பின் முதல் திருத்தம். தெருவின் எதிர்ப்பக்கம் போகாவிட்டால் கைது என்றார் காவலர். வழக்கு கடைசியில் அதே நீதிமன்றத்துக்கே வந்தது. ஊரிலுள்ள மற்ற நடைபாதைகளைப் போலத்தான் இதுவும், இங்கே அட்டை பிடிக்கத் தடை போட்டது செல்லாது என்று 1983-இல் தீர்ப்பானது. ஆனால் அதே கட்டடத்தின் முன்முற்றத்தில் ஆர்ப்பாட்டம் செய்யத் தடை விதித்தது சரிதான் என்று 2015-இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. முற்றத்திலிருந்து இறங்கினால் நடைபாதை.

கூட்டம் கூட்டுகிறவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். ‘அரசு அலுவலகம் முன்பு’ என்று ஒரே வார்த்தையில் சொல்லி முடித்துவிடுகிறோம். சட்டம் வளாகம், முற்றம், நுழைவாயில், நடைபாதை, சாலை என்று பிரித்துப் பார்க்கிறது. விண்ணப்பத்திலும் அப்படியே மொட்டையாக எழுதினால், மறுப்பவருக்கு வேலை சுலபம். எந்தத் தெரு, எந்தப் பக்கம், வாயிலுக்கு எவ்வளவு வழி விடுவோம் என்று கையால் ஒரு வரைபடம் போட்டு இணைத்துப் பாருங்கள். பேச்சே வேறு மாதிரி போகும்.

தூரக் கணக்கை எங்கோ கேள்விப்பட்டு நம்புவது அடுத்தது. பிரிட்டனில் 2005-இல் வந்த ஒரு சட்டம், நாடாளுமன்றத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் வரை, முன்கூட்டியே அனுமதி பெறாத ஆர்ப்பாட்டத்தைக் குற்றமாக்கியது. இராக் போரில் இறந்தவர்களின் பெயர்களைப் போர் நினைவுச் சின்னத்தருகே வாசித்த ஒரு பெண் அதில் தண்டிக்கப்பட்டார். அந்த விதியை 2011-இல் நாடாளுமன்றமே ரத்து செய்தது. மலேசியாவின் 2012-ஆம் ஆண்டுச் சட்டம், தடை செய்யப்பட்ட இடங்கள் என்று ஒரு பட்டியல் போட்டு, அவற்றிலிருந்து 50 மீட்டருக்குள் கூடக் கூடாது என்கிறது. ஆனால் அந்தப் பட்டியலில் மருத்துவமனை, பள்ளி, வழிபாட்டிடம், பெட்ரோல் நிலையம் எல்லாம் வருகின்றன. அமைச்சகத்தை மட்டும் பார்த்து அளந்துவிட்டுப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தை மறந்தால் மாட்டிக்கொள்வீர்கள். ஜெர்மனியில் தூரத்தைவிட நாள் முக்கியம்: நாடாளுமன்றத்தைச் சுற்றிய வட்டாரத்தில், அவையின் பணிக்கு இடையூறு வராது என்றால் அனுமதி தந்தாக வேண்டும், அமர்வு இல்லாத நாட்களில் பொதுவாக இடையூறு இல்லை என்றே கொள்ளப்படும்.

“நான் ஒருத்தன்தானே, இது எப்படிக் கூட்டமாகும்?” என்ற வாதமும் எல்லா இடத்திலும் எடுபடாது. சிங்கப்பூரின் பொது ஒழுங்குச் சட்டத்தில் தனி ஆளும் ‘கூட்டம்’தான். 2020-இல் ஒரு காவல் மையத்தின் அருகே, சிரித்த முகம் வரைந்த அட்டையோடு படம் எடுத்துக்கொண்ட ஒருவர்மீது வழக்குப் போட்டார்கள். எனக்கு இது சட்டத்தைக் கேலிக்கூத்தாக்குவதாகத்தான் படுகிறது. ஆனால் நம் கருத்தைக் கேட்டுக்கொண்டு வழக்குப் போடுவதில்லை.

வாய்மொழி அனுமதியை நம்புவதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும். 1961-இல் அமெரிக்காவின் பேட்டன் ரூஜில், கைதான சக மாணவர்களுக்காகச் சுமார் 2,000 பேர் நீதிமன்றம் நோக்கிப் போனார்கள். எதிர்ப்பக்கத்தில் நின்றுகொள்ளலாம் என்று காவல்துறைத் தலைவரே சொன்னார். நின்றார்கள். பிறகு, நீதிமன்றத்துக்கு ‘அருகில்’ கூடினார்கள் என்றே போராட்டத்தை நடத்தியவர்மீது வழக்கு. அதிகாரியே இடத்தைக் காட்டிவிட்டு அதற்காகத் தண்டிப்பது பொறி வைப்பதற்குச் சமம் என்று உச்ச நீதிமன்றம் தண்டனையை நீக்கியது. ஆனால் அது 1965. நடுவில் கழிந்த ஆண்டுகளை யார் திருப்பித் தருவது? “சார் சரின்னுட்டார்” என்று திரும்பி வருபவரிடம், எந்த சார், எழுத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். தர மறுத்தால், ‘இன்று இன்ன நேரத்தில் தாங்கள் கூறியபடி’ என்று நீங்களே ஒரு கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வையுங்கள்.

இந்தியாவில் ‘144 போட்டிருக்காங்க’ என்றதும் உத்தரவைப் படிக்காமலே கலைந்துபோவது வழக்கமாகிவிட்டது. 2024 ஜூலை முதல் அது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 163-ஆம் பிரிவு. பேச்சில் மட்டும் 144. சாதாரணமாக இரண்டு மாதம்தான் ஆயுள். மாநில அரசு நினைத்தால் மேலும் ஆறு மாதம் வரை நீட்டலாம். உத்தரவை வெளியிட வேண்டும், காரணம் சொல்ல வேண்டும், திரும்பத் திரும்பப் போடுவது அதிகார துஷ்பிரயோகம் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தேதி, எல்லை, காரணம் மூன்றையும் படியுங்கள்.

முழுத் தடை என்றாலே முடிந்தது என்று ஒதுங்குவதும், உரிமை என்றால் எங்கும் எவ்வளவு நாளும் உட்காரலாம் என்று நினைப்பதும் ஒரே தவறின் இரு பக்கம். டெல்லி ஜந்தர் மந்தரில் ஒட்டுமொத்தத் தடை கூடாது, நெறிமுறை வகுங்கள் என்றது இந்திய உச்ச நீதிமன்றத்தின் 2018 தீர்ப்பு. பொதுச் சாலையைக் காலவரையின்றி அடைக்க முடியாது என்றது அதன் 2020 தீர்ப்பு. ஐ.நா. மனித உரிமைக் குழு 2020-இல் தந்த விளக்கமும் இங்கே உதவும்: கூட்டம் யாரை நோக்கியதோ அவர் கண்ணில், காதில் படும்படி நடத்த முடிந்தவரை வழிவிட வேண்டும்; அரசுக் கட்டடங்களைச் சுற்றி ஒட்டுமொத்தத் தடை வளையம் போடுவதைப் பொதுவாகத் தவிர்க்க வேண்டும். மாற்று இடம் தந்தால், அங்கிருந்து அந்தக் கட்டடம் தெரிகிறதா என்று கேளுங்கள். கடைசி நாளில் விண்ணப்பித்தால் இதைக் கேட்கவே நேரமிருக்காது. நீதிமன்றம் போவதற்கான நாட்களையும் சேர்த்து எண்ணித்தான் தேதி குறிக்க வேண்டும்.

ஒலிபெருக்கி, கூடாரம் இரண்டுக்கும் பெரும்பாலும் தனி விதி. லண்டன் நாடாளுமன்றச் சதுக்கத்தில் ஆர்ப்பாட்டம் செய்யலாம், தூங்குவதற்குக் கூடாரம் அடிக்கக் கூடாது.

கலையச் சொல்லி உத்தரவு வந்தபின் அது சட்டப்படி சரியா என்று அங்கேயே வாதாடாதீர்கள். சொன்ன அதிகாரி யார், எத்தனை மணிக்கு, என்ன வார்த்தையில் சொன்னார், எந்த வழியாகப் போகச் சொன்னார் என்று ஒருவர் குறித்துக்கொள்ளட்டும்; மற்றவர்கள் அந்த வழியாக நகரட்டும்.