5 வோல்ட் சோலார் சார்ஜருக்கு எந்தக் கொயில்?

லயத்துக் கூரையில் சோலார் பேனல் போட்டு, அதிலிருந்து நேரே 5 வோல்ட், 2 அம்பியர் எடுக்க வோல்ட்டைக் குறைத்துத் தரும் எல்எம்2596 ஐசி தாராளம். கோளாறு வருவது பெரும்பாலும் அதோடு சேர்க்கும் கொயிலில், அதாவது கம்பிச் சுருளில்தான்.

முதலில், உள்ளே வரும் வோல்ட்டின் உச்சத்தைப் பிடியுங்கள். ‘12 வோல்ட்’ என்று விற்கும் பேனல், சுமை இல்லாதபோது 22 வோல்ட் வரை காட்டும். அதுவும் 25 பாகை செல்சியஸ் கணக்கு. நுவரெலியாவில் பனி விலகி வெயில் ஏறும் காலையில் பேனல் குளிர்ந்தே கிடக்கும். குளிர்ந்தால் வோல்ட் கூடும். ஆகவே 23 என்று வைப்போம்.

5 ÷ 23 = 0.217. ஒவ்வொரு சுற்றிலும் ஐசிக்குள் உள்ள சுவிட்ச் கரண்ட் பாயும்படி மூடியிருக்கும் நேரத்தின் பங்கு இது. கொயிலில் கரண்ட் ஏறி இறங்கும் அளவை 2 அம்பியரில் 30 வீதமாக, அதாவது 0.6 ஆக, எடுங்கள். ஐசி ஓடுவது 150 கிலோஹேர்ட்ஸில்.

(23 − 5) × 0.217 ÷ (150,000 × 0.6) = சுமார் 43 மைக்ரோ ஹென்றி (கொயிலின் மதிப்பைச் சொல்லும் அலகு)

கடையில் கிடைப்பது 47. அதையே போடுங்கள். இடையில் 12 வோல்ட் பெட்டரி இருந்தால் உள்ளே வரும் உச்சம் 14.4 வோல்ட்தான், அதே கணக்கில் 36 மைக்ரோ ஹென்றி வரும், அதற்கும் 47 பொருந்தும். பழைய எல்எம்2576 என்றால் கதை வேறு: அது 52 கிலோஹேர்ட்ஸ், 100 மைக்ரோ ஹென்றிக்குக் குறைந்தால் சரிவராது.

வாங்கும்போது கவனம். ‘470’ என்று அச்சிட்டிருப்பதுதான் 47. கடைசி இலக்கம் பூச்சியங்களின் எண்ணிக்கை. ‘471’ என்றால் 470.

மதிப்பு கொஞ்சம் முன்பின் இருந்தாலும் சார்ஜர் ஓடும். கரண்ட் தாங்காத கொயில் மன்னிக்காது. இங்கே உச்சக் கரண்ட் 2.3 அம்பியர் (2 அம்பியரோடு 0.6இன் பாதி). அதைத் தாங்கமுடியாமல் கோர் (கம்பி சுற்றியிருக்கும் காந்தப் பொருள்) நிறைவுற்றால், அதாவது அதற்குமேல் காந்தம் ஏறாமல் போனால், ஹென்றி சரிந்து, கரண்ட் குத்தென ஏறும்; ஐசி சூடாகித் தானே நின்று, ஆறியதும் மறுபடி ஓடும். போன் சார்ஜ் ஏறுவதும் நிற்பதுமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். நிறைவுக் கரண்ட் குறைந்தது 3 அம்பியர் வேண்டும். 4.5 இருந்தால், வெளியே ஷோர்ட் ஆனாலும் பெரும்பாலும் தாங்கும், ஏனென்றால் ஐசி கரண்டைக் கட்டுப்படுத்துவதே ஏறக்குறைய அந்த அளவில்தான். கம்பியின் தடை 0.05 ஓமுக்குள் இருக்கட்டும்; 2 அம்பியரில் 0.2 வாட்தான் வீணாகும்.

பழைய கணினி பவர் சப்ளையில் கழற்றிய மஞ்சள்-வெள்ளை வளையம் வேண்டாம். அது இரும்புத்தூள் கோர், 150 கிலோஹேர்ட்ஸில் சும்மாவே சுடும். கவசத்தால் மூடாத கொயிலை ரேடியோவுக்குப் பக்கத்தில் வைத்தால் ரேடியோ இரையும். மூடிய ஃபெரைட் கொயில் வாங்குங்கள்.

பூட்டியபின் 2 அம்பியர் சுமையில் அரைமணி நேரம் ஓடவிட்டு, பேனலைக் கழற்றிவிட்டுக் கொயிலைத் தொடுங்கள். விரல் வைக்க முடியாவிட்டால் மாற்றுங்கள்.