மறைமலையடிகளின் வாழ்க்கையை எழுதப் புகுவோர்க்கு

மொழிநடைக்கே வாழ்நாளைக் கொடுத்த கட்டுரையாளர் ஒருவரைப் பற்றி எழுத உட்காருபவர்கள் பிறந்த ஊரிலிருந்துதான் தொடங்குகிறார்கள். மறைமலையடிகளைப் பொறுத்தவரை அந்த வழக்கத்தைக் கைவிடுவது நல்லது. 1876-இல் நாகப்பட்டினத்துப் பக்கம் பிறந்தார், 1898 முதல் 1911 வரை சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழ் கற்பித்தார், பின்பு பல்லாவரத்தில் குடியேறினார், 1950-இல் மறைந்தார் என்பதை ஒரே பத்தியில் முடித்துவிடலாம்.

முதல் வேலை, அவருடைய நூல் ஒன்றின் முற்பதிப்பையும் பிற்பதிப்பையும் தேடியெடுப்பது. சங்கப் பாடலான முல்லைப்பாட்டுக்கு அவர் எழுதி 1903-இல் வெளிவந்த ஆராய்ச்சியுரை இதற்குப் பொருத்தமானது. வடமொழிச் சொல் கலவாமல் எழுதும் தனித்தமிழ்க் கொள்கையை ஏற்ற பின், தாம் முன்பு எழுதியவற்றில் கலந்திருந்த வடசொற்களை அவரே களைந்து மறுபதிப்புகளைத் திருத்தினார். இரண்டையும் அருகருகே விரித்து, மாறிய சொற்களைப் பென்சிலால் கோடிட்டுக்கொண்டே போங்கள். பதிப்பாண்டைப் பார்க்க மறக்காதீர்கள்: திருத்திய பதிப்பொன்றின் மலிவு அச்சை அவருடைய இளமை நடை என்று நம்பி, நான் நான்கு பக்கம் எழுதிக் கிழித்துப் போட்டிருக்கிறேன்.

அடுத்து, 1916-ஐ ஒட்டிச் சொல்லப்படும் அந்த நிகழ்ச்சியைக் கையாள வேண்டும். மகள் நீலாம்பிகையுடன் வள்ளலார் பாடலைப் பாடிக்கொண்டிருந்தபோது, 'உற்ற தேகத்தை உயிர்மறந்தாலும்' என்னும் அடியில் 'தேகம்' என்ற வடசொல் இருந்த இடத்தில் 'யாக்கை' என்ற தமிழ்ச்சொல் இருந்திருக்கலாமே என்று அடிகள் சொன்னதாக வரலாறு. எல்லோரும் கதையைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். நீங்கள் அந்தச் சீரை அலகிட்டு, அதாவது அசைகளாகப் பிரித்துப் பாருங்கள். 'தேகத்தை', 'யாக்கையை' இரண்டுமே நேர் நேர் நேர் என்ற ஒரே அசை வரிசை, யாப்பிலக்கணத்தில் தேமாங்காய் எனப்படுவது. சொல் மாறினாலும் ஓசை குலையவில்லை. அவர் வெறும் அகராதிக்காரர் அல்லர், செவியுள்ளவர் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை. வேதாசலம் என்ற அவருடைய இயற்பெயர் மறைமலை ஆனதையும், அவர் நடத்திய 'ஞானசாகரம்' இதழ் 'அறிவுக்கடல்' ஆனதையும் இந்த இடத்திலேயே சேர்த்துவிடுங்கள்.

சொற்களோடு நின்றுவிடாமல், வினையெச்சங்களை அடுக்கி அவர் வாக்கியத்தை நீட்டும் முறையையும் ஒரு பத்தியளவு எடுத்துக் காட்டுங்கள்; திருத்தத்துக்குப் பிறகும் அந்த நீளம் பெரிதாகக் குறையவில்லை. அவர் நெடுங்காலம் நாட்குறிப்பை ஆங்கிலத்தில் எழுதிவந்ததைச் சங்கடமாகக் கருதிச் சிலர் விட்டுவிடுகிறார்கள். நீங்கள் விடாதீர்கள், அதை நீலாம்பிகை நிகழ்ச்சிக்கு அடுத்த பத்தியிலேயே வையுங்கள்.