அரசு பஸ் நஷ்டக் கணக்கு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

2021 ஆகஸ்ட் 9 அன்று தமிழ்நாட்டின் நிதிநிலை குறித்த வெள்ளை அறிக்கையை அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெளியிட்டார். அதில் இருந்த எத்தனையோ எண்களில் ஒன்று டீக்கடை வரைக்கும் போய்ச் சேர்ந்தது: அரசு பஸ் ஒரு கிலோமீட்டர் ஓடினால் 59 ரூபாய் 15 காசு நஷ்டம். அன்றிலிருந்து இன்றுவரை அரசுப் போக்குவரத்துக் கழகங்களைப் பற்றி யார் பேசினாலும் இந்த மாதிரி ஒரு எண்ணில்தான் ஆரம்பிக்கிறார்கள். நஷ்டம் உண்மை. ஆனால் அந்த எண்ணை வைத்துக்கொண்டு எந்த ட்ரிப்பை நிறுத்தலாம், எதைத் தனியாருக்கு விடலாம், யார் சரியாக வேலை பார்க்கவில்லை என்று முடிவெடுக்க ஆரம்பித்தால் பெரும்பாலும் தப்பான இடத்துக்குத்தான் போய்ச் சேருவோம்.

பொதுத்துறையில் வேலை செய்யும் முறை மாறிக்கொண்டே வருகிறது. முன்பு பட்ஜெட்டில் ஒதுக்கிய பணத்தை விதிப்படி செலவழித்தோமா, தணிக்கையில் தப்பித்தோமா என்பதே பெரிய கேள்வியாக இருந்தது. இப்போது ஒவ்வொரு சேவைக்கும் அடக்கவிலை என்ன, பலன் என்ன, வெளியாளிடம் கொடுத்தால் என்ன ஆகும் என்று கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விகள்தான். இதற்கு மேலாண்மைக் கணக்கியலில், அதாவது நிர்வாக முடிவுகளுக்கு உதவுவதற்காகப் போடும் கணக்கில், நல்ல கருவிகளும் இருக்கின்றன. அவற்றை அரைகுறையாகக் கையில் எடுக்கும்போதுதான் ஊருக்கு வரும் கடைசி பஸ் நின்று போகிறது.

சராசரி நஷ்டத்தை மிச்சம் என்று எண்ணுவது

இதுதான் ஆகப் பெரிய தவறு, அதிகம் நடப்பதும் இதுதான். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் உதாரணத்துக்குத்தான். ஒரு பணிமனையில் மொத்தச் செலவை மொத்தக் கிலோமீட்டரால் வகுத்தால் கிலோமீட்டருக்கு 100 ரூபாய் வருகிறது. டவுனிலிருந்து ஒரு கிராமத்துக்குப் போய்த் திரும்பும் இரவு ட்ரிப் 20 கிலோமீட்டர். கூட்டம் குறைவு, கிலோமீட்டருக்கு 25 ரூபாய்தான் கலெக்ஷன். காகிதத்தில் பார்த்தால் கிலோமீட்டருக்கு 75 ரூபாய் நஷ்டம், ஒரு ட்ரிப்புக்கு 1,500 ரூபாய். நிறுத்தினால் தினமும் 1,500 மிச்சம் என்று ஃபைலில் எழுதிவிடுவார்கள்.

சரி, நிறுத்தினால் உண்மையில் எது குறையும்? பஸ் லிட்டருக்கு 5 கிலோமீட்டர் கொடுக்கிறது என்றால் 4 லிட்டர் டீசல். லிட்டர் 92 ரூபாய் என்று வைத்தால் 368 ரூபாய். டயர் தேய்மானம், ஆயில் எல்லாம் சேர்த்து இன்னொரு 40 ரூபாய். ஆக 408 ரூபாய்தான் மிச்சமாகும். டிரைவர், கண்டக்டர் சம்பளம் அப்படியே இருக்கும், ஏனென்றால் ட்யூட்டி ஷெட்யூலை மாற்றாமல் ஒரு ட்ரிப்பை மட்டும் வெட்டினால் அவர்கள் பணிமனையில் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். மெக்கானிக் சம்பளம், அலுவலகச் செலவு, வட்டி, ஓய்வுபெற்றவர்களுக்கான பாக்கி, எதுவும் ஒரு ரூபாய் குறையாது. மறுபக்கம் அந்த ட்ரிப்பில் வந்துகொண்டிருந்த 500 ரூபாய் கலெக்ஷன் போய்விடும். அதாவது 1,500 மிச்சம் என்று நம்பி நிறுத்திய ட்ரிப்பால் கழகத்துக்கு நாளொன்றுக்கு 92 ரூபாய் கூடுதல் நஷ்டம்.

இன்னொன்றும் இருக்கிறது. இரவு திரும்பிப் போக பஸ் இல்லை என்று தெரிந்தால், காலையில் டவுனுக்கு வருபவர் அந்த பஸ்ஸிலும் ஏற மாட்டார். ஷேர் ஆட்டோவுக்கோ டூ வீலருக்கோ மாறிவிடுவார். பிறகு காலை ட்ரிப்பின் கலெக்ஷனும் குறையும், அடுத்த வருஷம் அதுவும் நஷ்ட ட்ரிப் பட்டியலில் சேரும். ஓடும் கிலோமீட்டர் குறையக் குறைய, அதே சம்பளமும் வட்டியும் மிச்சமிருக்கும் கிலோமீட்டர் மேல் ஏறி உட்காரும். சராசரி நஷ்டம் கூடிக்கொண்டே போகும். கொரோனா ஊரடங்கில் பஸ்கள் பணிமனையில் நின்றன, சம்பளம் நிற்கவில்லை. அந்தக் காலத்தை ஒட்டி வந்த எந்தக் கிலோமீட்டர் நஷ்ட எண்ணையும் இதை மனதில் வைத்தே படிக்க வேண்டும்.

எனவே எந்த முடிவுக்கு முன்பும் கேட்க வேண்டியது ஒரே கேள்விதான்: இதைச் செய்தால் எந்தச் செலவு உண்மையாகவே மாறும்? ஒரு ட்ரிப்பை நிறுத்தினால் டீசல் குறையும். ஒரு முழு ஷெட்யூலையே, அதாவது ஒரு பஸ்ஸின் ஒரு நாள் ஓட்டம் முழுவதையும் எடுத்து, அந்த ஊழியர்களை ஆள் பற்றாக்குறை உள்ள வேறு ரூட்டுக்கு மாற்றினால் சம்பளச் செலவும் உண்மையாகவே விடுபடும். ஒரு பணிமனையையே மூடினால் இன்னும் சில செலவுகள் போகும். ஒவ்வொரு முடிவுக்கும் தனித்தனிக் கணக்கு வேண்டும்.

எல்லாச் செலவையும் கிலோமீட்டராலேயே வகுப்பது

1980களின் கடைசியில் கணக்கியல் பேராசிரியர்களான ராபின் கூப்பரும் ராபர்ட் கப்லானும் செயல்பாட்டு அடிப்படையிலான அடக்கவிலை முறையைப் பரவலாக்கினார்கள். அதன் சாரம் எளிது. மேற்செலவு, அதாவது எந்த ஒரு பொருளோடும் நேராக ஒட்டாத பொதுச் செலவு, மொத்தத்தையும் ஒரே அளவுகோலால் பங்கிடாதே. எந்த வேலையால் அந்தச் செலவு உண்டாகிறதோ அந்த வேலையின் அளவைக் கொண்டு பங்கிடு. தொழிற்சாலைகளுக்காக வந்த யோசனைதான், ஆனால் பஸ்ஸுக்கு அப்படியே பொருந்தும்.

டீசலும் டயரும் கிலோமீட்டரால் கூடும். டிரைவர், கண்டக்டர் சம்பளம் நேரத்தால் கூடும். பஸ்ஸின் விலை, நிறுத்துமிடம், பராமரிப்பு ஆட்கள் எல்லாம் பஸ்களின் எண்ணிக்கையால் கூடும், அதிலும் காலை நெரிசல் நேரத்துக்கு எத்தனை பஸ் தேவை என்பதைப் பொறுத்து. சென்னை அண்ணா சாலையில் சிக்னலுக்குச் சிக்னல் நின்று போகும் மாநகர பஸ் எட்டு மணி நேர ட்யூட்டியில் ஓட்டும் தூரத்தை, மதுரைக்குப் போகும் எஸ்.இ.டி.சி. (அரசு விரைவுப் போக்குவரத்துக் கழக) பஸ் மூன்றே மணி நேரத்தில் தாண்டிவிடும். இரண்டையும் கிலோமீட்டர் கணக்கில் ஒப்பிட்டால் மாநகர பஸ் ஊழியர்கள் சோம்பேறிகள் மாதிரித் தெரிவார்கள். மணிக்கணக்கில் பார்த்தால்தான் நெரிசல் எவ்வளவு பணத்தைத் தின்கிறது என்பது தெரியும். அப்போதுதான் பஸ்ஸுக்குத் தனிப் பாதை கொடுத்தால் எவ்வளவு மிச்சம் என்றும் சொல்ல முடியும். கிலோமீட்டர் கணக்கு மட்டும் வைத்திருக்கும் நிறுவனத்துக்கு அந்தக் கேள்வியே தோன்றாது.

அரசின் முடிவையும் ஓட்டுபவரின் திறமையையும் கலப்பது

கட்டணம் கடைசியாகப் பெரிய அளவில் உயர்ந்தது 2018 ஜனவரியில். அதற்கு முந்தையது 2011 நவம்பரில். கட்டணத்தை எப்போது உயர்த்துவது என்பது பணிமனை மேலாளர் கையில் இல்லை, நிர்வாக இயக்குநர் கையிலும் இல்லை. பள்ளி மாணவர்களுக்கு இலவசப் பயணமும், 2021 மே 8 முதல் சாதாரணக் கட்டண நகர பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணமும் அரசு எடுத்த முடிவுகள். பெண்களின் பயணத்துக்காக அரசு கழகங்களுக்கு ஈடுகட்டும் தொகையும் தருகிறது.

மாநிலத் திட்டக் குழு ஆய்வின்படி இத்திட்டத்தால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது. அந்தப் பலன் வீட்டுச் செலவுக் கணக்கில் வருகிறது, வேலைக்குப் போகும் வாய்ப்பாக வருகிறது. போக்குவரத்துக் கழகத்தின் லாப நஷ்டக் கணக்கில் எந்த வரியிலும் வராது. செலவு ஓரிடத்தில், பலன் வேறிடத்தில். இதைப் புரிந்துகொள்ளாமல் மொத்த நஷ்டத்தையும் கழகத்தின் தலையில் எழுதுவது அநியாயம். அதே நேரத்தில் எல்லா நஷ்டத்துக்கும் சமூக நோக்கத்தைக் காரணம் காட்டி, பழுதாகி நிற்கும் பஸ்களையும் சரியாகப் போடாத ஷெட்யூலையும் மறைப்பதும் தவறுதான்.

வழி இருக்கிறது. கணக்கைக் குறைந்தது மூன்றாகப் பிரித்து வெளியிட வேண்டும்: அரசு உத்தரவால் கைவிட்ட வருமானமும் அதற்கு வந்த ஈடும், பழைய கடனுக்கான வட்டி, ஓய்வூதியம் போன்ற கடந்தகாலச் சுமை, இன்றைக்கு பஸ் ஓட்டுவதில் வரும் வரவும் செலவும். மூன்றாவதற்குத்தான் இன்றைய மேலாளர் பதில் சொல்ல வேண்டும். முதலாவதற்குச் சட்டமன்றம் பதில் சொல்லட்டும்.

டீசல்: விலை வேறு, பயன்பாடு வேறு

ஒரு பணிமனை மாதம் 3 லட்சம் கிலோமீட்டர் ஓட்டுகிறது, போன வருஷம் லிட்டருக்கு 5 கிலோமீட்டர், விலை 80 ரூபாய் என்று வைப்போம். 60,000 லிட்டர், 48 லட்சம் ரூபாய். இந்த வருஷம் டிரைவர்கள் கவனமாக ஓட்டி 5.2 எடுத்தார்கள், விலையோ 92 ஆகிவிட்டது. செலவு ஏறக்குறைய 53 லட்சம். மேலோட்டமாகப் பார்த்தால் டீசல் செலவு 5 லட்சம் கூடிவிட்டது, டிரைவர்களுக்கு மெமோ. பிரித்துப் பார்த்தால் விலையேற்றத்தால் 7.2 லட்சம் கூடியது, டிரைவர்களால் 2 லட்சத்துக்கு மேல் குறைந்தது. பாராட்ட வேண்டியவர்களுக்கு மெமோ கொடுப்பதைவிட ஒரு பணிமனையின் மனநிலையைக் கெடுக்கும் காரியம் வேறில்லை.

இதே போல ஊட்டி மலைப்பாதையில் ஏறும் பஸ்ஸின் மைலேஜைத் தஞ்சாவூர்ச் சமவெளி பஸ்ஸோடு ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. அந்தந்த ரூட்டின் பழைய அளவோடு ஒப்பிட வேண்டும். வாங்கும் விலையில் கிடைக்கும் மிச்சத்தையும் முழுசாகப் பார்க்க வேண்டும். 2013 ஜனவரியில் மொத்தமாக வாங்குபவர்களுக்கு டீசல் விலை தனியாக ஏறியபோது தமிழ்நாட்டு அரசு பஸ்கள் சில்லறை விலையில் விற்கும் பெட்ரோல் பங்க்குகளில் டீசல் போட்டன. லிட்டருக்கு மிச்சம் கண்ணுக்குத் தெரியும். பங்க் வரை காலியாகப் போய்வரும் தூரமும் வரிசையில் நிற்கும் நேரமும் அதிலிருந்து கழிக்கப்பட்டால்தான் அது கணக்கு.

ஒரே எண்ணை வைத்து ஆளை எடைபோடுவது

கண்டக்டரை கலெக்ஷனை வைத்தும் டிரைவரை மைலேஜை வைத்தும் மட்டுமே எடைபோட்டால், அந்த எண்கள் உயரும், சேவை இறங்கும். பிரேக் போட்டு ஸ்டாப்பில் நின்று மறுபடி கிளம்பினால் டீசல் கூடும். இலவசமாக ஏறுபவரால் கலெக்ஷன் கூடாது. பெண்கள் மட்டும் நிற்கும் ஸ்டாப்பில் பஸ் நிற்காமல் போகிறது என்ற புகார்களை நாம் கேட்டிருக்கிறோம். அதைத் தனிமனிதரின் குணக்கேடு என்று மட்டும் சொல்லிவிட முடியாது; எதை அளக்கிறோமோ அதற்கேற்பத்தான் ஆட்கள் நடப்பார்கள். கட்டணமில்லாச் சீட்டையும் ஒரு பயணியாக எண்ணி, ஏற்றிய பயணிகளின் எண்ணிக்கையை ஊழியர் மதிப்பீட்டில் சேர்த்தால் இந்தத் தூண்டுதலே குறைந்துவிடும்.

1992இல் கப்லானும் டேவிட் நார்ட்டனும் பேலன்ஸ்டு ஸ்கோர்கார்டு என்று கொண்டு வந்தது இதற்காகத்தான்: பணத்தோடு வாடிக்கையாளர், உள்வேலை, ஊழியர் வளர்ச்சி என நாலு பக்கமும் பார்ப்பது. நம் அலுவலகங்களில் இதை 40 கட்டம் உள்ள படிவமாக்கி, மாதக் கடைசியில் யாரோ ஒருவர் உட்கார்ந்து நிரப்பும் வேலையாக மாற்றிவிடுகிறார்கள். நாலைந்து அளவுகள் போதும். தகவலுக்கும் பஞ்சமில்லை. முன்பு கண்டக்டர் வே பில் என்ற டிக்கெட் கணக்குத் தாளில் ஸ்டேஜ் ஸ்டேஜாகக் கையால் எழுதி, இரவு கேஷ் கவுன்ட்டரில் பணத்தோடு ஒப்படைப்பார். அதிலிருந்து மொத்தத் தொகை மட்டும்தான் லெட்ஜருக்குப் போகும். இப்போது டிக்கெட் மிஷினில் எந்த ஸ்டேஜில், எத்தனை மணிக்கு, எத்தனை பேர் ஏறினார்கள் என்பது பதிவாகிறது. அதையும் மொத்த கலெக்ஷனைப் பார்க்க மட்டும் பயன்படுத்தினால் மிஷின் வாங்கிய காசு வீண்.

பழைய பஸ் மலிவு என்று நினைப்பது

ஆயுள் முடிந்த பஸ்ஸுக்குக் கணக்குப் புத்தகத்தில் தேய்மானம், அதாவது பஸ் விலையை வருஷா வருஷம் பிரித்துச் செலவாக எழுதும் தொகை, இருக்காது. அதனால் ஓட்டை பஸ் வைத்திருக்கும் பணிமனையின் செலவு குறைவாகவும், புது பஸ் வாங்கிய பணிமனையின் செலவு அதிகமாகவும் தெரியும். வழியில் நின்றுபோன ட்ரிப்புகளையும் ஒர்க்‌ஷாப் செலவையும் சேர்த்துப் பார்த்தால் கதை மாறும்.

ஒப்பந்த விலையைச் சொந்தச் செலவோடு நேராக ஒப்பிடுவது

2025 ஜூன் கடைசியில் சென்னை வியாசர்பாடி பணிமனையிலிருந்து எம்.டி.சி.யின் (மாநகர் போக்குவரத்துக் கழகத்தின்) மின்சார பஸ்கள் ஓடத் தொடங்கின. பஸ்ஸும் டிரைவரும் ஒப்பந்த நிறுவனத்தினுடையது, கண்டக்டர் எம்.டி.சி. ஊழியர். ஓட்டிய கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று நிறுவனத்துக்குப் பணம். டிக்கெட் வருமானம் எம்.டி.சி.க்கு. ஒரே பஸ்ஸில் இரண்டு முதலாளிகளின் ஆட்கள். பொதுத்துறை வேலை எப்படி மாறுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சி கிடைக்காது.

ஒப்பந்த விலை நம் சொந்தச் செலவைவிடக் குறைவு, எனவே லாபம் என்று உடனே சொல்லிவிடுவது தவறு. நம் செலவில் பழைய வட்டியும் ஓய்வூதியமும் இருக்கின்றன, ஒப்பந்தம் போட்டாலும் அவை நம்மிடமே இருக்கும். ஒப்பந்த விலையில் கண்டக்டர் சம்பளம் இல்லை, பணிமனை நிலத்தின் மதிப்பு இல்லை, ஒப்பந்தத்தைக் கண்காணிக்க வேண்டிய ஆட்களின் செலவும் இல்லை. எதிர்ப்பக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஓய்வுபெறும் டிரைவர்களின் இடத்தை நிரப்பாமல் விட்டால் சம்பளச் செலவு வருஷா வருஷம் உண்மையாகவே குறையும். புகையும் டீசல் இறக்குமதியும் குறையும். எனவே ஒப்பந்தக் காலம் முழுமைக்கும், வருஷம் வருஷமாக, எந்தச் செலவு எப்போது போகிறது என்று எழுதிப் பார்க்க வேண்டும்.

இந்த வகை ஒப்பந்தங்களில் தினமும் குறைந்தபட்சம் இத்தனை கிலோமீட்டர் என்ற உத்தரவாதம் வழக்கமாக இருக்கும். அதற்குக் குறைவாக ஓட்டச் சொன்னாலும் ஒரு பகுதிப் பணம் கொடுத்தாக வேண்டும். ட்ரிப்போடு குறைந்துவிடும் என்று நாம் எண்ணும் செலவில் பெரும் பகுதி, கையெழுத்துப் போட்ட அன்றே நிலையான செலவாகிவிடுகிறது. அதோடு, கிலோமீட்டருக்குப் பணம் வாங்கும் நிறுவனத்துக்குப் பயணி ஏறினாலும் ஏறாவிட்டாலும் ஒன்றுதான். ஒப்பந்தத்தைப் படிப்பவர்கள் விலை இருக்கும் பக்கத்தோடு நிறுத்திவிடாமல் அபராதப் பட்டியல் வரை போக வேண்டும்: ஸ்டாப்பில் நிற்காமல் போனதற்கு அதில் ஒரு வரி இருக்கிறதா, ஜி.பி.எஸ். பதிவோடு அதைத் தினமும் ஒப்பிட எம்.டி.சி.யில் ஓர் ஆளை நியமித்திருக்கிறார்களா, அந்த ஆளின் சம்பளம் ஒப்பீட்டுக் கணக்கில் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.