டேங்கை இறக்கும் முன் பின் சீட்டைத் தூக்கிப் பாருங்கள்

காரில் பெட்ரோல் பம்ப் மாற்ற டேங்கையே இறக்க வேண்டும் என்று சொன்னால், முதலில் பின் சீட்டின் அடிமெத்தையைத் தூக்கிப் பாருங்கள். ஹூண்டாய் ஐ10 போன்ற பல கார்களில் அங்கே ஒரு சின்ன மூடி இருக்கும். பம்ப் டேங்கின் மேல்பக்கம் வழியாகத்தான் உள்ளே இறங்குகிறது. மூடியைத் திறந்தால் அதன் ஒயர் சாக்கெட்டும் பெட்ரோல் குழாயும் நேராகத் தெரியும். பாதி வேலை மிச்சம், கூலியும் குறையும். சுற்றியுள்ள மண்ணை நன்றாகத் துடைத்த பிறகே பம்பைக் கழற்ற வேண்டும். மண் டேங்குக்குள் விழுந்தால் புது பம்பும் அடைத்துக்கொள்ளும். பேட்டரி நெகட்டிவையும் முதலிலேயே கழற்றிவிடுங்கள்.

மூடியே இல்லாத வண்டிகளும் உண்டு. அவற்றில் டேங்கை இறக்கித்தான் ஆகவேண்டும். தரைத் தகட்டை வெட்டி வழி செய்யலாம் என்று யார் சொன்னாலும் விடாதீர்கள், பெட்ரோல் ஆவிக்கு ஒரு தீப்பொறி போதும்.