குடும்ப ஓய்வூதியம்: பிறந்த தேதி இல்லாத பிபிஓவைச் சரிசெய்தது

மத்திய அரசு (சிவில்) ஓய்வூதியர் இறந்தபின், அவருடைய துணைவரின் பெயர் பிபிஓவில் (ஓய்வூதியம் வழங்கும் ஆணையில்) இருந்து, கணக்கும் ஜாயிண்ட் கணக்காக இருந்தால் தனி விண்ணப்பப் படிவம் தேவையில்லை. மனைவியோ கணவரோ ஒரு சாதாரணக் கடிதம், இறப்புச் சான்றிதழ், பிபிஓ நகல், வயதுச் சான்று ஆகியவற்றைக் கொடுத்தால் போதும். என் அம்மாவுக்கு அப்படித்தான் பணம் வரத் தொடங்கியது.

சிக்கல் பிறகுதான். பழைய பிபிஓக்களில் மனைவியின் பிறந்த தேதி பெரும்பாலும் இருக்காது. தேதி இல்லாவிட்டால் 80 வயதில் சேரவேண்டிய 20% கூடுதல் ஓய்வூதியம் தானாக ஏறாது (85இல் 30%, 90இல் 40%). வங்கியிடம் முறையிட்டுப் பலனில்லை. பிபிஓவைத் திருத்தும் அதிகாரம் அதற்குக் கிடையாது. பான், பாஸ்போர்ட் அல்லது ஆதார் நகலுடன் கணவர் கடைசியாக வேலைபார்த்த அலுவலகத்துக்கு எழுத வேண்டும். திருத்த ஆணை அங்கிருந்து கணக்கு அலுவலகம், சிபிஏஓ (மத்திய ஓய்வூதியக் கணக்கு அலுவலகம்) வழியாக வங்கியின் ஓய்வூதிய மையத்தை அடையும். 80 நிறைவடையும் மாதத்தின் முதல் தேதியிலிருந்து கணக்கிட்டு, அகவிலை நிவாரணத்தோடு நிலுவை கேளுங்கள்.

பாஸ்புக்கை ஒருமுறை கவனமாகப் பாருங்கள். கணவரின் கம்யூட்டேஷன் (ஓய்வூதியத்தின் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாகப் பெற்றது) பிடித்தம் குடும்ப ஓய்வூதியத்தில் தொடரவே கூடாது. வழக்கமான விகிதம் கடைசி அடிப்படைச் சம்பளத்தில் 30%. ஓய்வுபெற்றவர் 67 வயதுக்கு முன் இறந்திருந்தால், 7 ஆண்டுகள் அல்லது அவருக்கு 67 ஆகியிருக்கும் நாள், எது முந்தியதோ அதுவரை உயர்ந்த விகிதம் உண்டு.

விவாகரத்தான மனைவிக்கு இந்த ஓய்வூதியம் கிடையாது. நவம்பர் உயிர்வாழ் சான்றிதழில் ‘குடும்ப ஓய்வூதியம்’ என்ற வகையையே தேர்ந்தெடுங்கள்.