பக்க முகவரி வைக்கும்போது செய்யக் கூடாத தவறுகள்

பண்ருட்டி முந்திரிக் கடையோ புதுச்சேரியில் தங்கும் விடுதியோ, வெப்சைட் தொடங்குபவர்கள் டிசைனுக்கும் போட்டோவுக்கும் மெனக்கெடும் அளவுக்குப் பக்கங்களின் முகவரியை, அதாவது யூஆர்எல்லைப் பற்றி யோசிப்பதில்லை. பக்கம் வெளியான பிறகு முகவரியை மாற்றுவது தொல்லை பிடித்த வேலை. 'பப்ளிஷ்' அழுத்தும் முன்பே முடிவு செய்துவிடுங்கள்.

தமிழ்த் தளங்களில் அதிகம் நடக்கும் தவறு, தலைப்பிலிருந்து வேர்ட்பிரஸ் (வெப்சைட் நடத்த உதவும் மென்பொருள்) தானாகச் செய்யும் முகவரியை அப்படியே விட்டுவிடுவது. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோட் முறையில் (யூடிஎஃப்-8) தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட் இடம் வேண்டும். முகவரிக்குள் போகும்போது ஒரு பைட் விழுக்காட்டுக் குறியோடு (%) 3 எழுத்தாகிறது. 'புதுச்சேரி' கண்ணுக்கு ஐந்தெழுத்துதான். கொம்பு, புள்ளி எல்லாம் சேர்த்து கணினிக்கு 10 குறியீடு, முகவரியில் 90 எழுத்து. வேர்ட்பிரஸ் 200 எழுத்தில் வெட்டிவிடும். 'புதுச்சேரியில் குடும்பத்தோடு தங்க நல்ல விடுதிகள்' என்று தலைப்பு வைத்தால், முகவரி 'புதுச்சேரியில்-குடும்பத' என்று அரைகுறையாக நிற்கும். அதை வாட்ஸ்அப்பில் ஒட்டினால் பெரும்பாலும் புரியாத எழுத்துக் குவியலாகத்தான் தெரியும். தமிழ் முகவரியே கூடாது என்பதல்ல. கூகுளுக்கு அது நன்றாகவே புரியும், வாசகரின் மொழியில் வைக்கலாம் என்று கூகுளே சொல்கிறது. இரண்டு சொல்லோடு நிறுத்துங்கள், அல்லது ஆங்கில எழுத்தில் நீங்களே அடித்துவிடுங்கள்.

அடுத்தது, ஊர்ப்பெயரை அடுக்குவது. 2006-இல் புதுச்சேரி என்று பெயர் மாறியும், வெளியூர்க்காரர்கள் இன்னமும் பாண்டிச்சேரி, பாண்டி என்று தேடுகிறார்கள். அதற்காக 'பாண்டி-பாண்டிச்சேரி-புதுச்சேரி-ரூம்ஸ்' என்று வைத்தால் குப்பைத் தளம் போலத் தெரியும். முகவரியில் ஒரு பெயர் போதும். மற்றவை தலைப்பிலும் கட்டுரையிலும் இயல்பாக வரட்டும்.

சொற்களுக்கு நடுவே ஹைஃபன் (-) போடுங்கள், அண்டர்ஸ்கோர் (_) வேண்டாம். ஆங்கிலத்தில் வைத்தால் எல்லாம் சின்ன எழுத்தில் (a, b, c) இருக்கட்டும். தளத்தின் பெயரான டொமைனில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் கிடையாது, ஆனால் அதற்குப் பின்னால் வரும் பகுதியில் உண்டு.

வருடத்தைச் சேர்ப்பதும் பின்னால் இடிக்கும். 'தீபாவளி-ஆஃபர்-2024' என்று வைத்தால் அடுத்த வருடம் புதுப் பக்கம் வேண்டும். பழைய பக்கத்துக்குக் கிடைத்த லிங்க்குகள் அங்கேயே தங்கிவிடும். 'தீபாவளி-ஆஃபர்' என்று மட்டும் வைத்து, வருடா வருடம் உள்ளே இருப்பதை மாற்றுங்கள். ஆனால் எண்ணே கூடாது என்று நினைத்துவிடாதீர்கள். முந்திரியில் 'டபிள்யூ 320' என்பது ஒரு பவுண்டுக்குச் சுமார் 320 பருப்பு நிற்கும் தரம். மொத்தமாக வாங்குபவர் அந்த எண்ணைச் சொல்லித்தான் கேட்பார், அதனால் அது முகவரியில் இருக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட நஷ்டம் தருவது, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பக்கத்தின் முகவரியை 'எஸ்இஓ-வுக்காக', அதாவது தேடலில் மேலே வருவதற்காக மாற்றுவது. முகவரியில் உள்ள சொல்லால் தேடலில் கிடைக்கும் ஆதாயம் மிகச் சிறியது. அதற்காக, இடம்பிடித்திருக்கும் பக்கத்தைக் கலைக்க வேண்டாம். தவிர்க்க முடியாமல் மாற்றினால், பழைய முகவரிக்கு வருபவரைப் புது முகவரிக்கு நிரந்தரமாகத் திருப்பிவிடும் 301 ரீடைரக்ட் போடுங்கள். வேர்ட்பிரஸில் 'போஸ்ட்' வகைக்குப் பழைய முகவரியிலிருந்து திருப்பிவிடுவது தானாக நடக்கும். 'பேஜ்' வகைக்கு நடக்காது. விடுதியின் ரூம், வாடகை, தொடர்பு விவரம் எல்லாம் பெரும்பாலும் 'பேஜ்' வகைதான், அவற்றுக்கு நீங்கள்தான் போட வேண்டும்.

பழைய பக்கங்கள் எல்லாவற்றையும் மொத்தமாக முகப்புக்குத் திருப்பாதீர்கள்; பக்கமே இல்லை என்று கூகுள் எடுத்துக்கொள்ளும். ஒவ்வொன்றையும் அதற்கு நேரான புதுப் பக்கத்துக்கு, நடுவே வேறு முகவரி எதற்கும் போகாமல் நேரடியாக அனுப்புங்கள். கூகுளுக்காக அந்த ரீடைரக்ட் குறைந்தது 1 வருடம் இருக்க வேண்டும். விசிட்டிங் கார்டிலோ, ரிசப்ஷனில் ஒட்டிய கியூஆர் கோடிலோ பழைய முகவரி ஏறியிருந்தால், அந்த அட்டைகள் புழக்கத்தில் இருக்கும்வரை எடுக்கவே கூடாது.